தகர டப்பாவுக்குள் மிருதங்கம்: லேப்டாப் ஸ்பீக்கரைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏண்டா, இந்த மிருதங்கக்காரர் ஒரு கையாலதான் வாசிக்கிறாரா?"

அப்பா கேட்டார். மார்கழிக் கச்சேரி ஒன்றின் பதிவை லேப்டாப்பில் ஓடவிட்டு, கட்டிலில் போர்வை மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் காது கொடுத்தேன். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் டக் டக் மட்டும் விழுந்தது. இடப்பக்கமான இடந்தலையின் கனமான 'கும்' ஒலி, அதாவது கும்கி, சுத்தமாகக் காணோம். பாடகரின் குரலோ ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போல இருந்தது. பின்னால் தம்புரா இருந்ததா என்பதே சந்தேகம்.

லேப்டாப் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்பது அப்பாவின் தீர்ப்பு. அன்று சாயங்காலத்துக்குள் காசு செலவில்லாமல் பாதிக் குறை தீர்ந்தது. மீதிப் பாதி எந்த லேப்டாப் வாங்கினாலும் தீராத குறை. எது தீரும், எது தீராது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் செலவும் வீண் அலைச்சலும் மிச்சம். கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கானவை. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

கோளாறு எங்கே இருக்கிறது?

சத்தம் சரியில்லை என்றதும் பலரும் செய்கிற முதல் காரியம், 'வால்யூம் பூஸ்டர்' ஒன்றைத் தேடி இறக்குவது. அதை மட்டும் செய்யாதீர்கள். பாட்டின் பதிவு, மென்பொருள், ஸ்பீக்கர், லேப்டாப்பை வைத்திருக்கும் இடம் என்று நான்கில் ஒன்றில் கோளாறு இருக்கும். எதில் என்று தெரியாமல் கை வைத்தால், காய்ச்சலா வயிற்றுவலியா என்று பார்க்காமலே மாத்திரை போட்டுக்கொண்ட கதைதான்.

வீட்டில் கிடக்கும் ஒயர் ஹெட்போன் ஒன்றைச் செருகி அதே பாட்டைக் கேளுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் இந்தச் சோதனைக்கு ஆகாது. அது லேப்டாப்பின் ஆடியோ சிப் பக்கமே போகாமல் வேறு வழியில் ஒலியை வாங்கிக்கொள்ளும். ஒயர் ஹெட்போனில் பளிச்சென்று கேட்டால், பாட்டிலும் பெரும்பாலான மென்பொருளிலும் குறையில்லை. ஸ்பீக்கரையோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ, வைத்த இடத்தையோ சந்தேகப்படலாம். ஹெட்போனிலும் கரகரவென்றால் ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை. அதே பாட்டை அதே ஹெட்போனில் கைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கும் மோசமாக இருந்தால் பதிவே அப்படித்தான்.

ஹெட்போனில் வாத்தியமெல்லாம் கேட்டு, பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கிறதா? பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது ஒயரின் பொது இணைப்பு அறுந்திருக்கிறது. இடம், வலம் இரண்டுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் நடுவில் நிற்கும் குரல் காணாமல் போகிறது. ஹெட்போனை மாற்றிச் சோதியுங்கள்.

அடுத்தது ஸ்வீப் சோதனை. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும் ஒலி யூடியூபில் நிறையக் கிடைக்கும். வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்து ஓடவிடுங்கள். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது, அது சகஜம். அப்புறம் ஒலி எழும்பி ஏறும்போது ஏதோ ஓரிடத்தில் மட்டும் 'ர்ர்ர்' என்று அதிர்ந்து, அதைத் தாண்டியதும் சுத்தமாகிவிட்டால், எங்கோ ஏதோ தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் எல்லா இடத்திலும் கரகரத்தால் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருக்கலாம். இரண்டு பக்கமும் விட்டுவிட்டுப் படபடவென்றால் டிரைவர் பக்கம் திரும்புங்கள்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸுக்கு வெளியே போய்ச் சோதிக்கலாம். பவர் பட்டனை அழுத்தியதும் டெல் லேப்டாப்பில் எஃப்12 தட்டி, வரும் பட்டியலில் 'டயக்னாஸ்டிக்ஸ்' தேர்ந்தெடுத்தால், எச்.பி.யில் எஃப்2 விசையைத் தட்டினால் நோயறியும் திரை வரும். அதில் பெரும்பாலும் ஒலிச் சோதனையும் இருக்கும். விண்டோஸே இல்லாத அந்த இடத்திலும் கரகரத்தால் கோளாறு வன்பொருளில்தான்.

அந்தச் சின்ன ஸ்பீக்கரால் என்ன முடியும்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒலியின் அதிர்வெண் பாதியாகும்போது, அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் சவ்வு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 400 ஹெர்ட்ஸில் போகிற தூரத்தைப் போல 100 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்கு. ஒரு சில மில்லிமீட்டர் உயரமே உள்ள பெட்டிக்குள் அந்தப் பதினாறு மடங்குக்கு இடம் ஏது? அதனால் சாதாரண லேப்டாப் ஸ்பீக்கர்கள் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். இடந்தலையின் கும்கி அந்தக் கைவிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஆண்குரலின் அடிப்படை ஒலியும் ஏறக்குறைய 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் வரும். அப்படியானால் லேப்டாப்பில் ஆண்குரல் எப்படிக் கேட்கிறது? அடிப்படை ஒலியின் இரட்டிப்பு, மும்மடங்கு என்று மேலே எழும் துணை ஒலிகள் காதில் விழுகின்றன. அவற்றை வைத்து மூளை அடிப்படையைத் தானே ஊகித்துக்கொள்கிறது. லேப்டாப்போடு வரும் 'பாஸ் என்ஹான்ஸ்' வகைச் செயலிகளில் சில இந்த உத்தியில்தான் பிழைக்கின்றன. துணை ஒலிகளைக் கூட்டிக் காட்டி, இல்லாத பாஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, இருப்பது போல மூளையை நம்பவைக்கின்றன. இது ஏமாற்று வேலை என்றாலும் நல்ல ஏமாற்று வேலை. அளவோடு இருந்தால் குறை சொல்ல மாட்டேன்.

சத்தத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். 2 வாட் ஸ்பீக்கரிடம் 20 வாட் கேட்டால் அது பாடாது, அலறும். 600 சதவீதம் கூட்டித் தருகிறேன் என்று வரும் பிரவுசர் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) செய்வது இதைத்தான். அலையின் தலையையும் காலையும் வெட்டித் தட்டையாக்கிவிட்டு, சத்தம் கூடியது என்கின்றன. போதாததற்கு, நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்க அனுமதி கேட்கின்றன. இருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள்.

இடத்தை மாற்றுங்கள்

அப்பாவின் பிரச்சினையில் பெரும்பங்கு இங்கேதான் இருந்தது. லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம், முன் ஓரத்துக்கு அருகே இடமும் வலமும் சின்னச் சின்ன ஓட்டைகளோ கோடுகளோ தெரிகிறதா? அவைதான் ஸ்பீக்கர் வாய்கள். கீழ்நோக்கிப் பாடும் இந்த ஸ்பீக்கர்களின் ஒலி மேசையில் பட்டுத் தெறித்து உங்களிடம் வரும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். போர்வையில் வைத்தால் துணி வாயைப் பொத்துகிறது. முதலில் அடிபடுவது மேல் அதிர்வெண்கள். ச, த, க, ட என்று எழுத்தைப் பிரித்துக் காட்டுவது அந்த மேல் பகுதிதான். அது போனால் பேச்சு கேட்கும், ஆனால் என்ன பேசினார்கள் என்று புரியாது.

லேப்டாப்பைத் தூக்கி மரமேசையில் வைத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்ப சாகித்யம் புரியுது" என்றார். நான் வேறு எதையும் தொட்டிருக்கவில்லை.

மேசையிலும் சில விஷயங்கள் உண்டு. பின் ஓரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தின் தடிமனுக்கு உயர்த்தினால் ஒலி தாராளமாக வெளியே வரும். ஆனால் உயரமான ஸ்டாண்டில் ஏற்றினால் தெறிக்க மேசையே அருகில் இல்லாமல் ஒலி மெலிந்துவிடும். கழுத்துக்கு நல்லது, காதுக்கு நல்லதில்லை. பிளாஸ்டிக் மேசை, ஆடும் முக்காலி இவையெல்லாம் தாங்களும் சேர்ந்து பாடும். மேசைக்குப் பின்னால் சுவர் இருந்தால் கொஞ்சம் கனம் கூடும். ஸ்பீக்கர் விசைப்பலகையின் இரு பக்கமும் மேல்நோக்கி இருக்கும் மாடல் என்றால் இந்தப் பாடெல்லாம் இல்லை. கையை வைத்து மறைக்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: தலைக்கு மேல் 5-இல் சுற்றும் மின்விசிறி. அதன் இரைச்சல் மெல்லிய ஒலிகளையெல்லாம் மூடிவிடும். ரெகுலேட்டரை 3-க்கு இறக்கிவிட்டு, லேப்டாப்பைப் பாதித் தூரம் அருகில் இழுங்கள். திறந்தவெளிக் கணக்குப்படி தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

படத்தில் வசனம் மட்டும் கேட்கவில்லையா?

சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது, அடுத்த காட்சியில் அம்மா மகனிடம் சொல்வது கேட்கவில்லை. இதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். திரைப்படங்களின் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். இரண்டே ஸ்பீக்கர் உள்ள லேப்டாப்பில் ஆறு சேனல்களையும் இரண்டுக்குள் திணிக்கும்போது வசனம் மற்ற சத்தங்களுக்கு நடுவே நசுங்குகிறது. ஓ.டி.டி.யில் ஆடியோ பட்டியலைத் திறந்து பாருங்கள். 'தமிழ்', 'தமிழ் 5.1' என்று இரண்டு இருந்தால் வெறும் 'தமிழ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சொடுக்கில் பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

யூடியூபில் வேறு கதை. மிகவும் சத்தமான வீடியோவை அது குறைத்து ஒலிக்கவிடும். சத்தம் குறைவாகப் பதிவான பழைய கச்சேரியைப் பெரும்பாலும் தானாகத் தூக்கிவிடாது. வீடியோவின் மேல் வலது சொடுக்கினால் வரும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பெட்டியில் 'கன்டென்ட் லவுட்னஸ்' என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 12 டெசிபல் என்றெல்லாம் இருந்தால் பதிவு மெலிந்தது என்று அர்த்தம். கேசட்டிலிருந்து ஏற்றிய பழைய பாட்டுகள் பலவும் இந்த ரகம்.

கையில் இருக்கும் கோப்பு என்றால் வி.எல்.சி. பிளேயரில் போடுங்கள். 'டூல்ஸ்' பட்டியலில் 'எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்' திறந்து, 'கம்ப்ரெஸர்' தாவலில் டிக் போட்டால் பெரிய சத்தம் அடங்கி, சின்ன சத்தம் எழும்பும். வசனத்துக்கு இது நல்ல மருந்து. இசைக்கு வேண்டாம், ஏற்ற இறக்கம் செத்துவிடும்.

விண்டோஸுக்குள் பார்க்க வேண்டியவை

'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'சவுண்ட்'. இங்கே 'அவுட்புட்' கீழே ஸ்பீக்கரைச் சொடுக்கினால் அதற்கான பக்கம் திறக்கும். முதலில் இடம், வலம் என்ற இரண்டு அளவுகளும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எப்போதோ கை பட்டு ஒன்று 40-இல் நின்றுகொண்டிருக்கும், மாதக்கணக்கில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதே பக்கத்தில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருக்கும். இதை ஒரு முறை அணைத்துக் கேளுங்கள், ஒரு முறை போட்டுக் கேளுங்கள். அணைத்துவிடுங்கள் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தயாரிப்பு நிறுவனம் அந்த மாடலின் ஸ்பீக்கரை அளந்து, அதன் குறைகளுக்கு ஏற்பச் செய்த ட்யூனிங்கும் இதற்குள் இருக்கலாம். அணைத்தால் ஒலி இன்னும் மெலிந்து தகரமாகிவிடுவதும் உண்டு. எது நன்றாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

தவிர்க்க வேண்டியது இரட்டை ஒப்பனை. டால்பி செயலி ஒரு பக்கம், ஒலியை அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ரியல்டெக் ஈக்வலைசர் ஒரு பக்கம், பிரவுசரில் ஒரு நீட்சி, வி.எல்.சி.யில் 125 சதவீதம் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கூட்டினால், கடைசியில் எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணையுங்கள். 'ஸ்பேஷியல் சவுண்ட்' பெரும்பாலும் ஹெட்போனுக்கானது. ஸ்பீக்கரில் கேட்கும்போது அணைத்தே வைக்கலாம்.

முந்தைய 'சவுண்ட்' பக்கத்துக்குத் திரும்பினால் அதன் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். சொடுக்கினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி திறக்கும். அதில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலுக்குப் போங்கள். ஏதாவது அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும்படி விண்டோஸ் தானாகவே வைத்திருக்கிறது. மீட்டிங் செயலி பின்னால் திறந்து கிடந்தால், திடீரென்று பாட்டு அடங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். 'டூ நத்திங்' என்று மாற்றி ஓகே கொடுங்கள்.

அந்தப் பெட்டியில் ஸ்பீக்கரின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்தால் சில லேப்டாப்களில் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' தாவலும், அதில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்பதும் இருக்கும். மெல்லிய பேச்சைத் தூக்கித் தரும் எளிய வசதி. ஆன்லைன் வகுப்புக்கு அருமையாக உதவும். புதிய டிரைவர்களில் இந்தத் தாவல் இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் தேடி நேரத்தை வீணாக்காமல் ஈக்வலைசருக்குப் போய்விடுங்கள்.

டிரைவர்: புதியது எப்போதும் நல்லதில்லை

நேற்று வரை நன்றாக இருந்தது, அப்டேட் வந்த பிறகு கெட்டுப்போனது என்றால் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' கீழே உள்ள ஆடியோ சாதனத்தின் 'ப்ராப்பர்டீஸ்', 'டிரைவர்' தாவல், 'ரோல் பேக் டிரைவர்'. அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் கைவசம் இல்லை.

விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு சத்தம் மெலிந்துவிட்டதா? அங்கே 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று மட்டும் இருந்தால், மைக்ரோசாஃப்டின் பொதுவான டிரைவர் ஓடுகிறது. ஒலி வரும், ஆனால் மேலே சொன்ன மாடலுக்கான ட்யூனிங் வராது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே ஆடியோ டிரைவரை இறக்குங்கள். சிப் செய்த நிறுவனத்தின் பொது டிரைவரைவிட இதுதான் பொருந்தும். டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் மூன்றாம் ஆள் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

பாட்டு தொடங்கும்போது முதல் அரை நொடி விழுங்கப்படுகிறது, அல்லது 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றால், ஆடியோ சிப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கி எழுகிறது என்று அர்த்தம். ஆபத்தில்லை. எரிச்சல்தான்.

விட்டுவிட்டு வெடிப்பது போல் படபடக்கும் ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் ஆடியோவே இல்லை. வைஃபை, கிராஃபிக்ஸ் போன்ற வேறொரு டிரைவர் ப்ராசஸரைச் சில மில்லிநொடி பிடித்துவைத்துக்கொள்ள, ஒலிக்கான தகவல் நேரத்துக்கு வந்து சேராமல் ஓட்டை விழுகிறது. லேட்டன்ஸிமான் என்ற இலவச மென்பொருளைப் பாட்டு ஓடும்போதே ஓடவிட்டால், எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். அது தெரியும் முன்பே வைஃபையை அணைத்து, கையில் உள்ள கோப்பு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். படபடப்பு நின்றால் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள். சார்ஜர் போட்டால் ஒரு மாதிரி, எடுத்தால் ஒரு மாதிரி என்றால் பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துச் சோதியுங்கள்.

ஈக்வலைசர்: கூட்டாமல் குறையுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளையும், அதற்கு முகப்பாகப் பீஸ் என்பதையும் நிறுவுங்கள். நிறுவும்போது எந்தச் சாதனத்துக்கு என்று கேட்கும். ஸ்பீக்கரை மட்டும் டிக் செய்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில மாடல்களில் இது வந்ததும் நிறுவனத்தின் ட்யூனிங் விலகிக்கொள்ளும். அப்படி ஆகி ஒலி மெலிந்தால் நீக்கிவிட்டு, லேப்டாப்போடு வந்த செயலியின் ஈக்வலைசரையே பயன்படுத்துங்கள். கீழே உள்ள எண்கள் அதற்கும் பொருந்தும்.

முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் பாஸ் பட்டையைப் பிடித்து உச்சிக்குத் தள்ளுவார்கள். நானும் தள்ளினேன். கும்கி வரவில்லை, ஸ்பீக்கர் மட்டும் உறுமியது. 60 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாத சவ்வை 60 ஹெர்ட்ஸுக்கு ஆடச் சொன்னால், அது வீணாக ஆடி மற்ற ஒலிகளையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். மொத்த ஒலியையும் கூட்டிக் குறைக்கும் 'ப்ரீஆம்ப்' அளவை மைனஸ் 6 டெசிபலில் வையுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டைகளை அடியோடு இறக்குங்கள். ஸ்பீக்கர் முடியாத வேலையை விட்டுவிட்டு முடிந்ததைச் செய்யும். டப்பாவுக்குள் பேசுவது போன்ற ஒலி பெரும்பாலும் 400-க்கும் 800-க்கும் நடுவே தேங்கிக் கிடக்கும், அங்கே 3 டெசிபல் குறையுங்கள். குரல் தெளிவுக்கு 2,500-லிருந்து 3,500 வரை 2 அல்லது 3 டெசிபல் மட்டும் கூட்டலாம். மனிதக் காது மிகவும் கூர்மையாக இருப்பது இந்தப் பகுதியில்தான். 'ஸ்' சத்தம் காதைக் குத்தினால் 6,000-க்கு மேலே கொஞ்சம் இறக்குங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஈக்வலைசரை அணைத்துப் போட்டு ஒப்பிடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரே பாட்டை வைத்தே செய்யுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பது போலக் காது ஏமாறும் என்பதால், ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்துகொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காராதீர்கள். காது களைத்துப்போய் எல்லாமே சரியென்று சொல்லத் தொடங்கிவிடும்.

அதிர்வு: ஒரு ஸ்டேப்ளர் பின்னின் கதை

என் லேப்டாப்பில் வீணை கேட்கும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் 'சிர்ர்' என்று ஒரு சத்தம். டிரைவர், ஈக்வலைசர் என்று எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது இடப்பக்க ஸ்பீக்கர் வாயில் அரை ஸ்டேப்ளர் பின் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே காந்தம் இருக்கிறதல்லவா, மேசையில் கிடந்ததை இழுத்துப் பிடித்துக்கொண்டது. செலோடேப்பை ஒற்றி எடுத்ததும் சத்தம் போயே போச்சு.

சுத்தம் செய்ய உலர்ந்த பழைய டூத்பிரஷும் டேப்பும் போதும். அழுத்தக் காற்றை நேராக ஓட்டைக்குள் அடிக்காதீர்கள், மெல்லிய சவ்வு கிழியும். ஊசி, குண்டூசி கொண்டு குத்தவும் கூடாது. அடிப்பக்கத் திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலே மூடி ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிரும். ஸ்வீப் ஓடும்போது அதிர்கிற இடத்தில் விரலால் லேசாக அழுத்துங்கள். சத்தம் நின்றால் அங்கேதான் தளர்வு.

டச்பேட் மேடாகி, அடிப்பக்கம் புடைத்து, லேப்டாப் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினால், பேட்டரி உப்பியிருக்கிறது. அது ஸ்பீக்கரை நெருக்கியும் அதிர்வு வரலாம். அப்போது சத்தத்தை மறந்துவிட்டு லேப்டாப்பை அணையுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். பேட்டரியை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

ஸ்பீக்கரையே மாற்ற வேண்டி வந்தால்

சவ்வு கிழிந்தது உறுதியென்றால் மாற்றுவது பெரிய காரியமில்லை. இடம், வலம் இரண்டும் ஒயரோடு ஜோடியாகவே பெரும்பாலும் கிடைக்கும். மாடல் எண்ணோடு, பழைய ஸ்பீக்கரின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போல எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் குவிந்திருக்கும் தெருவில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதும் கிடைக்கும். பலசமயம் பெயர் தெரியாத புதியதைவிட அதுவே பரவாயில்லை. மல்டிமீட்டர் இருந்தால் வாங்கும் முன் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் நான்குக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்தது.

நீங்களே கழற்றுவதானால், மூடி திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். திருகுகள் ஒரே நீளம் இல்லை. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் வரைந்து அதன் மேலேயே வையுங்கள். ஸ்பீக்கரின் திருகு ஓட்டைகளில் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். அவைதான் அதிர்வு உடம்புக்குப் பரவாமல் தடுப்பவை. ஒரு முறை ஹார்ட் டிஸ்க் மாற்றக் கொடுத்த கடையில் என் லேப்டாப்பின் வளையம் ஒன்றைத் தொலைத்துவிட்டார்கள். அதுவரை இல்லாத அதிர்வு, வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கியது. சைக்கிள் டியூப் ரப்பரில் வெட்டி வைத்துத்தான் தீர்த்தேன்.

ஒயரை வெட்டி ஒட்டி மாற்றினால் கூட்டல், கழித்தல் முனைகளைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் ஒரு சவ்வு முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும். இருக்கிற கொஞ்சம் பாஸும் அழிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

மேக், லினக்ஸ்

மேக்கில் 'சவுண்ட்' அமைப்பில் பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆடியோ மிடி செட்டப்' செயலியில் ஸ்பீக்கரின் ஃபார்மட் மாறியிருந்தால் 48,000 ஹெர்ட்ஸில் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள் ஈக்வலைசர் வேலையைச் செய்யும். அதே லேப்டாப் விண்டோஸில் நன்றாகப் பாடி, லினக்ஸில் முனகினால், ஸ்பீக்கருக்கென்று உள்ள தனி ஆம்ப்ளிஃபயர் சிப்புக்கு அதை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் கிடைக்காமல் இருக்கலாம். புதிய மாடல்களில் இது அடிக்கடி வரும் தலைவலி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள்.

வெளி ஸ்பீக்கருக்கு எப்போது போவது?

பேச்சு, செய்தி, வகுப்பு, படம் எல்லாவற்றுக்கும் மேலே சொன்னவை போதும். இசையைக் கனத்தோடு கேட்க வேண்டுமென்றால் வெளி ஸ்பீக்கர்தான் வழி. 3 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சாதாரண மேசை ஜோடியே எந்த லேப்டாப்பையும் மிஞ்சும். வாங்கும்போது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், மொத்தம் 2.5 வாட். அதிலேயே ஓடும் ஸ்பீக்கரின் பெட்டியில் 20 வாட் என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். சுவர் பிளக்கில் செருகும் ரகம் நல்லது. லேப்டாப்பும் சார்ஜில் இருக்கும்போது 'ம்ம்ம்' என்று இரைந்தால் சார்ஜரை எடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்றின் இரைச்சல், ஸ்பீக்கர் நல்லதுதான்.

எங்கள் வீட்டில் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் ஜோடியை இறக்கித் துடைத்து அப்பாவின் மேசையில் வைத்தேன். செய்திக்கும் சீரியலுக்கும் லேப்டாப் ஸ்பீக்கர், கச்சேரிக்கு மட்டும் இது. அதே பதிவை மறுபடி போட்டார். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் வந்தது. கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி கேட்டவர், நடுவில் ஒரு கண்ணைத் திறந்து, "இடது கை வந்துடுத்து" என்றார்.